இரும்பும் கொழுப்பும்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகிற வாகனத்தில் மாங்குளம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒன்று கழன்று விழும் என்பது தங்கராசாவின் கட்சி. அப்படிக் கழன்றவற்றையெல்லாம் இத்தனை வருடமாகத் தன் வெல்டிங் பட்டறையில் ஒட்டிக் கொடுத்தவரும் அவர்தான் என்பதால், அந்தக் கட்சியை அவரிடமிருந்து பிடுங்க ஒருவராலும் முடியவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று காலை, விஜிதரனின் வான் அக்கராயன் வீதியால் வந்து கோயிலடியில் நின்றபோது, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வழமையில் வான் நிற்பதற்கு முதலே குதிக்கிறவர்.

"நீங்கள் போய் உடையுங்கோ மருமகன். நான் இதில இருந்தே கும்பிடுறன்" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிவலட்சுமி பயந்துபோனாள்.

தேங்காய் உடைக்காததற்கு ஒரு பெண் இவ்வளவு பயப்படுவாளா என்று கேட்கலாம். இந்தக் கோயிலடியில்தான் தங்கராசா ஒரு தேங்காயை உடைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அப்போது மகள் சுமித்திரா பத்தாம் வகுப்பு. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த கெட்ட வருடங்கள் அவை. பட்டறை இல்லை, வீடு இல்லை, இருந்த மனிதரும் பாதி நாள் தன் நினைவில் இல்லை. அந்தச் சத்தியத்துக்குப் பிறகு சிவலட்சுமியின் மூக்குக்கு ஒரு நாளும் அந்த வாடை எட்டவில்லை. ஆனால் இந்த வருடம் பழைய அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முகம் கறுத்தது. சோறு பாதியில் நின்றது. பொழுதுபட்ட பிறகும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாக இருக்கத் தொடங்கினார். கூப்பிட்டால், வாறன் என்று குரல் மட்டும் வரும்.

போன கிழமை கிளிநொச்சி டொக்டர் சொன்னவை இவை. இரத்தத்தில் இரும்பு அளவுக்கு மிஞ்சி நிற்கிறது. ஈரல் வீங்கியிருக்கிறது. வயிற்றில் உருட்டிப் பார்த்த ஸ்கானில் ஈரலில் கொழுப்பும் இருக்கிற மாதிரித் தெரிகிறது. அந்த ஸ்கானால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வவுனியாவில் காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ. படம்தான் இரும்பைத் தனியாகவும் கொழுப்பைத் தனியாகவும் அளந்து காட்டும் என்று எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டார். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்றதற்குப் புருசனும் பெண்சாதியும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். குடியை முழுதாக விட்டாயிற்றா என்றதற்குத் தங்கராசா கொஞ்சம் பொறுத்து, "ஓம்" என்றார்.

அந்த "ஓம்"தான் ஒரு கிழமையாகச் சிவலட்சுமியின் தலையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

அதற்கும் காரணம் உண்டு. தங்கராசா பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழு கலவரத்தோடு தாயும் தகப்பனும் மூட்டையும் முடிச்சுமாக வன்னிக்கு வந்து மலையாளபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியபோது அவர் சின்னப் பொடியன். பிறகு பரந்தனில் வெல்டிங் பழகி, அக்கராயனில் பெண் எடுத்து, பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஆனால் அடியில் அந்தப் பழைய "ஆமா" அப்படியே கிடந்தது. காய்ச்சலில் பிதற்றும்போது "ஆமா". சுமித்திரா பிறந்த அன்று, பெண்பிள்ளையா என்று யாரோ கேட்டபோது கண்ணீரோடு "ஆமா". சாப்பிட்டாயிற்றா என்றால் சாப்பிடாமலே "ஓம்". நோவு விட்டுவிட்டதா என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம்". ஊருக்குச் சொல்வது ஓம், உள்ளே இருந்து வருவது ஆமா என்று சிவலட்சுமி எப்போதோ பிரித்து வைத்துவிட்டாள். இந்த விசயம் அவருக்குத் தெரியாது.

டொக்டருக்கு அவர் சொன்னது ஓம்.

சிவலட்சுமி தன் மனதுக்குள் ஒரு முடிவும் எடுத்து வைத்திருந்தாள். குடித்தால் ஈரலில் கொழுப்பு ஏறும் என்று அவளுக்குத் தெரியும். இன்று கொழுப்பு கூடுதலாக இருந்தால், வருகிற வெள்ளி தாலிக்கான பொன்னுருக்குச் சடங்கும் அதற்கடுத்த கிழமை மகளின் கலியாணமும் எப்படியும் நடக்கட்டும். ஆனால் அந்த மணவறையில் இந்த மனிதருக்குப் பக்கத்தில் அவள் நிற்க மாட்டாள். அதைச் சுமித்திராவிடம் கூடச் சொல்லவில்லை.

விஜிதரன் தேங்காயை உடைத்துவிட்டு, விபூதியும் ஒரு கடதாசிச் சரையில் வறுத்த கச்சான் கடலையுமாக வந்து ஏறினான். தங்கராசாவின் தங்கை பாக்கியத்தின் மூத்த மகன் அவன். சுமித்திராவுக்கு முறை மச்சான், இன்னும் கொஞ்ச நாளில் மாப்பிள்ளை. மாமாவை வவுனியாவுக்கு ஏற்றிப் போக வேறு யாரையும் பிடிக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று வந்தவன். படம் எடுத்து முடியும்வரை மாமா வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். பழக்கத்தில் வாங்கிவிட்டு, மன்னிப்புக் கேட்பது போல மாமியைப் பார்த்தான். சிவலட்சுமி சரையை வாங்கித் தன் பைக்குள் போட்டாள்.

"மருமகன், நீங்கள் சாப்பிடுங்கோ. ரத்தம் காணாத ஆள்" என்றார் தங்கராசா.

விஜிதரன் வெட்கத்தோடு சிரித்தான். போன மாதம் பரந்தனில் நடந்த இரத்ததான முகாமுக்கு நண்பர்களோடு வீறாப்பாகப் போனவனை, விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தம் காணாது, குறைவாக இருக்கிறது தம்பி என்று ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு பெரிய உடம்புக்குள் என்னதான் ஓடுகிறது என்று சுமித்திரா இன்றைக்கும் அவனைப் போட்டு வறுத்தெடுக்கிறாள்.

வான் தெற்கே ஓடியது. வீதி இப்போது வழுவழுவென்று கிடக்கிறது. கொக்காவில் கோபுரத்தையும் மாங்குளத்தையும் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. தங்கராசா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். வெறும் வயிறும் வீங்கிய விரல்களுமாக இருந்த அவரைப் பார்க்க, சிவலட்சுமிக்கு ஏனோ முதல் முதல் பார்த்த ஆள்தான் நினைவுக்கு வந்தான்.

இந்திய ஆமி நின்ற காலம். அவளுடைய தகப்பன் ராஜரத்தினம் வீட்டு வெளிவாசலுக்கு இரும்புக் கேற் போட வேண்டுமென்று பரந்தன் பட்டறை ஒன்றில் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் உழவு இயந்திரப் பெட்டியில் கேற் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மெலிந்த ஒரு பொடியனும் வந்தான். இறக்கி நிமிர்த்திப் பார்த்தால், நேர்க் கம்பிகளுக்கு நடுவே இரண்டு சூரியகாந்திப் பூ. ராஜரத்தினத்துக்குச் சுள்ளென்று ஏறியது. நான் கேட்டது கம்பி, பூ ஆர் கேட்டது என்று சத்தம் போட்டார். வெல்டிங் பொடியனுக்கு உந்தக் கொழுப்பு ஆகாது என்றார்.

"கம்பிக்குத்தான் ஐயா காசு. பூ சும்மா" என்றான் பொடியன்.

சொன்னது அவருக்கு. பார்த்தது யன்னலை. யன்னலுக்குப் பின்னால் நின்றது சிவலட்சுமி.

அதன் பிறகு நடந்தவை பெரிய கதை. தோட்டத்து ஆட்களுக்குப் பெண் கொடுப்பதா, வெல்டிங் பொடியனிடம் என்ன இருக்கிறது என்று ராஜரத்தினம் ஆடிய ஆட்டமும், சைக்கிள் முன்பாரில் அவளை வைத்து முறிகண்டிக்கு மிதித்துப் போய் அதே பிள்ளையார் கோயிலில் தங்கராசா தாலி கட்டியதும், சுமித்திரா பிறக்கும்வரை தகப்பன் வாசல் மிதிக்காததும் ஊருக்கே தெரியும். பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைக்காத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்தார்கள். காற்றுக்கு அணையாமல் இருக்க, அந்தப் போத்தலுக்கு ஒரு தகரத் தொப்பி வெட்டிப் போட்டுத் தந்தார் அவர். தொப்பியிலும் ஒரு பூ. அவள் "கொழுப்பு" என்பாள். அவர் சிரிப்பார். வெளியே ஆயிரம் இருந்தும் அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது வீட்டில் அறைக்கு அறை மின்விளக்கு இருக்கிறது. 

அந்தக் கேற் போய்விட்டது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஒரு பிணைச்சல் கூட மிஞ்சவில்லை. பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். வேறொன்று செய்து தருகிறேன் என்று தங்கராசா இத்தனை வருடமாகச் சொல்கிறார். ஊருக்கெல்லாம் கேற் செய்கிறவரின் வீட்டு வாசலில் இன்றைக்கும் தகரப் படலைதான். அந்த "கொழுப்பு" மட்டும் செல்லச் சொல்லாக வீட்டில் தங்கிவிட்டது. அதனால்தான் போன கிழமை, ஈரலில் கொழுப்பு என்று டொக்டர் சொன்னதைக் கேட்டதும், அம்மா சொல்லிச் சொல்லியே வந்துவிட்டது என்று சுமித்திரா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிவலட்சுமியால் சிரிக்க முடியவில்லை.

வவுனியாவில் அந்தத் தனியார் ஸ்கான் நிலையம் குளிரூட்டிச் சில்லென்று இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பிள்ளை வந்து, படிவத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், வயது, ஏதும் ஒப்பரேசன். பிறகு, "ஐயா, உடம்பில இரும்பு ஏதும் இருக்குதோ?"

தங்கராசா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைப் பாக்கத்தானே பிள்ளை வந்திருக்கிறம்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். அந்த இரும்பு இல்லை ஐயா, உள்ளே இருப்பது பெரிய காந்தம், உடம்பில் கம்பி, ஆணி, செல் குண்டின் துண்டு இருந்தால் இழுக்கும், சுடும், அதற்காகத்தான் கேட்கிறோம் என்று விளங்கப்படுத்தினாள். இந்தப் பக்கத்து ஆட்களிடம் இதை இரண்டு தரம் கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. தங்கராசாவின் இடது கெண்டைக்காலில், முள்ளிவாய்க்காலில் ஏறிய துண்டு ஒன்று இன்னும் இருந்தது. வெல்டிங் வேலை என்றதும் கண்ணுக்குள் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா என்றும் கேட்டாள். படாத வெல்டிங்காரன் யார்? ஆகவே முதலில் கண்ணையும் காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கண் சுத்தம். காலில் துண்டு சதைக்குள் புதைந்து கிடந்தது. பெரிய டொக்டர் அந்தப் படத்தைப் பார்த்து, பழைய துண்டு, அசையாது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், காலில் சூடோ இழுவையோ தெரிந்தால் உடனே கையில் இருக்கும் மணியை அழுத்தச் சொல்லுங்கள் என்றார்.

மோதிரம் மட்டும் கழல மறுத்தது. விரல் வீங்கியிருந்தது. சவர்க்காரம் போட்டு, திருகி, நோவோடுதான் வந்தது. சிவலட்சுமி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். ஜாம் போத்தல் காலத்தில் அரைப் பவுனுக்கு வழியில்லாமல், அவரே செம்புக் கம்பியில் வளைத்துப் போட்ட மோதிரம் அது. அதில் பூ இல்லை. பூ வைக்கக் கம்பி போதவில்லை என்று அன்றைக்குச் சொன்னார்.

கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே டக் டக் என்று அடிக்கிற சத்தம் தொடங்கியது. பட்டறையில் தகடு நிமிர்த்துகிற சத்தம் போலவே இருந்தது. நடுவே ஒலிபெருக்கியில் அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. மூச்சை இழுங்கோ. பிடிச்சு வைச்சிருங்கோ. விடுங்கோ. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மூன்றாம் நான்காம் தரம் சொன்னபோதுதான், வெளியே கதிரையில் இருந்தபடி தானும் கூடவே மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருப்பது சிவலட்சுமிக்குத் தெரிந்தது. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று தன்னையே கடிந்துகொண்டாள். அடுத்த தரமும் பிடித்தாள்.

வெளியே வந்த தங்கராசா அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, சுவரில் தலையைச் சாய்த்தவுடனே கண் அயர்ந்துவிட்டார். விஜிதரன் மாமாவுக்குத் தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தான். சிவலட்சுமி அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் சொல்வதற்கு முதல் இவர் வாயால் கேட்க வேண்டும் என்று திடீரென்று தோன்றியது. குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. பிள்ளையாரடியில செய்த சத்தியம் அப்பிடியே இருக்குதோ?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்தின் அடியிலிருந்து பதில் வந்தது.

"ஆமா சிவா. அப்படியே இருக்கு."

ஓம் இல்லை, ஆமா. இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அப்ப, கதவைச் சாத்திப்போட்டுப் பட்டறைக்குள்ள என்ன செய்யிறனீங்கள்?"

"கேற்" என்றார் அவர், அதே தூக்கத்தில். "ரெண்டு பூ வச்சு. நம்ம புள்ள கல்யாணத்துக்கு ஆளுங்க தகரப் படலையால வரக் கூடாது."

சொல்லிவிட்டு மறுபக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். சிவலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். டொக்டர் கேட்டபோது அவர் பொறுத்துச் சொன்ன அந்த ஓம், நோவை மறைத்த ஓம், கேற்றை மறைத்த ஓம். குடியை மறைத்த ஓம் இல்லை. காலையில் கோயிலடியில் இறங்காதது கூட, கால் வீங்கி, இறங்கினால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் என்று பிறகு தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னார். சொன்னால் நீ பயப்படுவாய் என்றார். இனிப் படம் என்ன சொன்னாலும் அவளுக்குக் கவலையில்லை. அவள் நம்பிவிட்டாள்.

படத்தைப் பார்த்துச் சொல்லும் டொக்டர் ஸஹீலா இருவரையும் உள்ளே கூப்பிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். முல்லைத்தீவுப் பக்கத்து மனுசி, பேச்சு நிதானம். ஒரு படத்தில் வேறொருவரின் ஈரல் சாம்பல் நிறமாக இருந்தது. பக்கத்தில் தங்கராசாவின் ஈரல் கரிப்பிடித்த சட்டியைப் போலக் கறுத்திருந்தது.

"இந்தப் படத்தில ஈரலைக் கறுப்பாக்கிறது இரும்பு ஐயா. உங்களுக்கு அது கனக்க இருக்கு. கொழுப்பு கொஞ்சம்தான். வண்டி வயிறு வைச்ச ஆருக்கும் இருக்கிற அளவு. குடியில கெட்ட ஈரல் எண்டால் கொழுப்புத்தான் முன்னுக்கு நிக்கிறது வழமை. இது அப்பிடித் தெரியேல்லை."

"அப்ப எனக்குப் பெரிசாக் கொழுப்பில்லை எண்டு இவாக்கு ஒருக்காச் சொல்லி விடுங்கோ டொக்டர்" என்றார் தங்கராசா.

டொக்டருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினார். இரத்தம் ஏற்றினார்களா? காலில் காயப்பட்டபோது இரண்டு தரம். அதனால் மட்டும் இவ்வளவு வராது என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், இரும்புச் சத்துக் குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ என்று.

தங்கராசா மனைவியைப் பார்த்தார்.

"அது மருந்தில்லைத்தானே டொக்டர்" என்றாள் சிவலட்சுமி. "சத்து."

 எவ்வளவு காலமாக என்று டொக்டர் கேட்டார். சிவலட்சுமி சொன்னாள். செட்டிகுளம் முகாமில் ஒரு டொக்டர் இவருக்கு இரத்தம் காணாது என்று குளிசை தந்தார். அது முடிந்ததும் அவள் கடையில் வாங்கினாள். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் இராச் சோற்றோடு ஒன்று. அவர் மறந்தாலும் அவள் மறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டீரல் வறுவல். இந்த வருடம் ஆள் சோர்ந்து வந்ததால், சத்துக் காணாது என்று இரண்டு குளிசையாக்கினாள். கிளிநொச்சியில் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டபோது இல்லை என்றது பொய்யில்லை. சத்தை மருந்து என்று யார் சொல்வார்கள்? சொல்லச் சொல்ல அவளுடைய குரல் தேய்ந்து போனது. அந்தக் கறுப்பு படத்தில் அப்படியே இருந்தது. அவ்வளவும் அவளுடைய கையால் போனது.

டொக்டர் ஸஹீலா அவளைக் குறை சொல்லவில்லை. இரும்பு போதாமல் இரத்தம் குறைகிற ஆட்கள் வேறு, பிறப்பிலேயே இரத்த அணுக்கள் சின்னதாக இருக்கிற ஆட்கள் வேறு என்றார். இரண்டாவது ஆட்களுக்கு இரும்பு தேவையில்லை, ஆனால் உடம்பு அதை அறியாமல் கிடைத்ததையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத இரும்பு ஈரலுக்குள் போய்க் குந்திவிடும். ஐயாவுக்கு அப்படித்தான் என்று நினைக்கிறேன், இரத்தம் சோதித்துத்தான் முடிவு சொல்லலாம் என்றார். குளிசையை இன்றோடு நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பதை இறக்க மருந்து இருக்கிறது. ஈரல் இன்னும் தழும்பாகவில்லை, பிந்தவில்லை.

சிவலட்சுமி தலை குனிந்திருந்தாள். தங்கராசா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பா அண்டைக்குச் சொன்னவர், வெல்டிங் பொடியனிட்ட என்ன இருக்கெண்டு" என்றார். "இப்ப பாத்தியா, உள்ளுக்குள்ள ஒரு பட்டறைக்குக் காணும். எல்லாம் நீ தந்தது."

சொல்லிவிட்டு, மருமகனுக்கு நல்ல செய்தி சொல்ல வேணும் என்று சின்னப் பிள்ளை போல எழுந்து வெளியே போனார். சிவலட்சுமியும் எழுந்தாள். டொக்டர் அவளை இருக்கச் சொன்னார். ஐயாவின் சொந்தத்தில் வேறு ஆருக்கும் இப்படி இரத்தம் காணாத குறை இருக்கிறதா என்று கேட்டார்.

"இவற்ற தாய்க்கு இருந்தது. தங்கச்சிக்கும் இருக்கு. எங்கட மகளுக்கும் அப்பிடித்தான்" என்றாள். சுமித்திராவுக்கும் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட நாள் தொட்டு அதே குளிசைதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மகளுக்குக் கலியாணம் ஆச்சோ?"

"இந்த மாசம்தான் டொக்டர். மாப்பிள்ளை வெளியாள் இல்லை. தங்கச்சின்ர மகன்."

டொக்டர் ஸஹீலா பேனையை மேசையில் வைத்தார்.

"அம்மா, பயப்பிடுத்துறன் எண்டு நினையாதேங்கோ. ரெண்டு பேரின்ர ரத்தத்தையும் சோதிச்சுப்போட்டுக் கலியாண நாளைப் பாருங்கோ. இந்தக் குறை பரம்பரையாய் வாறது. ஒராளுக்கு மட்டும் இருந்தால் ஒண்டுமில்லை, சீவிய காலம் முழுக்கச் சுகமாய் இருப்பினம். ரெண்டு பேருக்கும் இருந்தால், பிறக்கிற பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்திற நிலை வரலாம்."

திரும்பி வரும் வழி முழுக்கத் தங்கராசாதான் கதைத்தார். ஓமந்தையில் தொடங்கிய கதை புளியங்குளத்திலும் நிற்கவில்லை. குடியைத் தொடவில்லை என்று காந்தமே சொல்லிவிட்டது என்றார். மோதிரத்தை வீட்டுக்குப் போய் வீக்கம் வற்றியதும் போடுகிறேன், அதுவரை உன்னிடமே இருக்கட்டும் என்றார். சிவலட்சுமி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சுமித்திரா தொலைபேசியில் இரண்டு தரம் எடுத்தாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, வந்து சொல்கிறேன் என்று மட்டும் சிவலட்சுமி சொன்னாள். சேலைக்கு இரவிக்கை தைத்து வந்துவிட்டது என்று மகள் அந்தப் பக்கத்தில் சந்தோசமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

முறிகண்டியில் வான் நின்றதும் தங்கராசா கதவைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். மெல்ல மெல்ல நடந்து போய்த் தேங்காய் வாங்கினார். வானுக்குள் மாமியும் மருமகனும் மட்டும்.

"மாமி, காலமை வாங்கின கச்சான் இருக்கோ?" என்று விஜிதரன் கேட்டான். அவள் பையிலிருந்து சரையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கச்சானை உடைத்து வாயில் போட்டவன், ஏதோ நினைவு வந்தவனாக முன்பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான். மூடியைத் திருகி உள்ளங்கையில் ஒரு குளிசையைக் கொட்டினான். அந்தக் குளிசையின் நிறம் சிவலட்சுமிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

"தம்பி, உது என்ன?"

"சுமித்திரா வாங்கித் தந்தவள் மாமி. முகாமில ரத்தம் காணாதெண்டு திருப்பி விட்ட நாளில இருந்து பின்னேரத்தில ஒண்டு. மறந்தால் பேச்சு விழும்." அவன் வெட்கத்தோடு சிரித்தான். "மருந்தில்லை. சத்து."

சிவலட்சுமி கையை நீட்டினாள்.

"அதை என்னட்டத் தா. போட வேண்டாம்."

அவன் ஒன்றும் விளங்காமல் குளிசையைப் போத்தலுக்குள் போட்டு நீட்டினான். ஏன் மாமி என்று கேட்டான். நாளைக்கு நீயும் சுமித்திராவும் என்னோடு கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்கு வர வேண்டும் என்றாள்.  அப்போது தேங்காய்ப் பாதிகளோடு தங்கராசா வருவது தெரிந்தது. அவள் போத்தலைச் சட்டென்று சேலைத் தலைப்பில், மோதிரத்தோடு சேர்த்து முடிந்தாள்.

"பாத்தியளோ, சரி பாதியாய் உடைஞ்சிருக்கு" என்று அவர் இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். "வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு ஒரு குறையும் இல்லாமல் நடக்கும்." ஏறி இருந்து மூச்சு வாங்கிக்கொண்டவர், அவளுடைய தலைப்பைப் பார்த்தார். "என்ன சிவா, முடிச்சுப் பெருத்துக் கிடக்கு. மோதிரம்தானே?"

சிவலட்சுமி அவருடைய முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது இன்றைக்குத்தான் கொஞ்சம் வெளித்திருந்தது.

"ஓம்" என்றாள்.

வான் அக்கராயன் வீதிக்குத் திரும்பியது.